புதுப்பிப்பு: ஓட்ஸ் உருண்டைகள் இப்போது உதிர்வதில்லை

அடுப்பில்லாமல் பிடிக்கும் ஓட்ஸ், பேரீச்சம்பழ உருண்டைகள் கையில் எடுத்ததுமே உதிர்கின்றன என்று இரண்டு வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது: பழம் மிகவும் காய்ந்திருந்தது. இம்முறை அதை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, விழுதாக அரைத்தேன். 1 கப் ஓட்ஸுக்கு அரை கப் விழுது, அரை கப் வேர்க்கடலை வெண்ணெய். உடனே உருட்டாமல் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்ச, வெண்ணெயும் இறுகியது. எவ்வளவு அழகாக உருண்டன!

நீங்கள் சொன்னபடி தேனும் கூட்டிப் பார்த்தேன். ஒட்டுகிறது, ஆனால் தித்திப்பு தூக்கலாகிவிடுகிறது, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவும் கூடாது. ஒரு சிட்டிகை உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூடிய டப்பாவில் குளிரில் வைத்தவை ஐந்தாம் நாளும் மெத்தென்றே இருக்கின்றன.