விசென்டர் அப்ளையன்ஸ் 80%ல நிக்குது, யாராவது சொல்லுங்க

தக்கலைக்காரன்:
அண்ணே, நாகர்கோவில்ல ஒரு ஆபீஸ்ல ரெண்டு ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர் (ஒரே மெஷின்ல பல விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டுறது) இருக்கு, ரெண்டையும் ஒரே இடத்துல பாக்க விசென்டர் 8 அப்ளையன்ஸ் (ரெடிமேடா வர்ற விஎம்) போடுறேன், முதல் ஸ்டேஜே 80%ல அப்படியே நிக்குது, இது மூணாவது தடவை. சிஸ்டம் நேம் கேக்குற இடத்துல பேசாம ஐபி குடுத்துரலாமா?

பழைய_அட்மின்:
தம்பி, அத மட்டும் செஞ்சிராதீங்க, ஐபி குடுத்தா பிறகு பேருக்கு மாத்த முடியாது. 80%ல நின்னா பெரும்பாலும் டிஎன்எஸ்தான் (பேரையும் ஐபியையும் இணைக்குற சர்வீஸ்). அதுல ஏ ரெக்கார்டு (பேருக்கு ஐபி), பிடிஆர் (ஐபிக்கு பேர்) ரெண்டும் இருக்கான்னு பாருங்க, என்எஸ்லுக்அப் கமாண்டுல பேர் குடுத்தா ஐபி வரணும், ஐபி குடுத்தா அதே பேர் வரணும். பாதியில நின்னத அழிச்சிட்டு புதுசா போடுங்க. டைனி சைஸே உங்களுக்கு தாராளம், 10 ஹோஸ்ட் (ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்) வரை பாக்கும், ஆனா 14 ஜிபி ரேம் வேணும்.

மார்த்தாண்டம்_நெட்:
நேரத்தையும் பாருங்க. நம்ம ஊர்ல மழைன்னா கரண்ட் போய்ப் போய் வருமே, எனக்கு ஒரு ஹோஸ்ட்ல அப்படி மணி பின்னால போய் ரெண்டாவது ஸ்டேஜ் ஊத்திக்கிட்டு. ஹோஸ்டுக்கும் அப்ளையன்ஸுக்கும் ஒரே என்டிபி (மணிய சரியா வைக்குற சர்வர்) குடுங்க.

தக்கலைக்காரன்:
டிஎன்எஸ்ல ரிவர்ஸ் ஜோனே (பிடிஆர் இருக்குற இடம்) இல்லண்ணே! போட்டதும் ஓடிட்டு, ரொம்ப நன்றி.

பழைய_அட்மின்:
சந்தோஷம் தம்பி. பிரவுசர்ல அப்ளையன்ஸோட 5480 போர்ட்ல போய் பேக்கப் ஷெட்யூல் இன்னைக்கே போட்டுருங்க, ரூட் பாஸ்வேர்டு 90 நாள்ல காலாவதி ஆயிரும், அதையும் அங்கயே பாத்துக்கோங்க.