லொகேட் பிறந்தது உலகிலிருந்தா, ஸ்ட்லோகஸிலிருந்தா?

காட்பாடிக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆங்கிலத்தில் 'லொகேட்' என்கிறார்களே, அந்த வினைச்சொல் நம் 'உலகு' என்பதிலிருந்து பிறந்ததாம். உலகு லோகமாகி, லோகம் லத்தீனில் 'லோகஸ்' ஆகி, கடைசியில் லொகேட் ஆனதாம். ஓசை ஒத்துப் போனால் உறவாகிவிடுமா? பழைய லத்தீனில் அந்தச் சொல் 'ஸ்ட்லோகஸ்'. முன்னால் நின்ற 'ஸ்ட்' தேய்ந்த பிறகுதான் லோகஸ். உலகிலும் லோகத்திலும் அந்த 'ஸ்ட்' எங்கே இருக்கிறது? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

முள்ளுக்கத்தரி:
'ஒருவர்' என்ன ஒருவர்? பதிவு என்னுடையது, பெயரைச் சொல்லியே கேளுங்கள். தொல்காப்பியத்தில் 'மாயோன் மேய காடுறை உலகமும்' என்று வருகிறது. அங்கே உலகம் என்பது பூமி முழுவதும் இல்லை, ஒரு நிலப்பகுதி. லோகஸ் என்றாலும் இடம்தான். ஓசையும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. உலகு தமிழ்ச்சொல்லே என்று பாவாணர் எழுதினார். ஆம்பூரில் படித்த மனிதர் அவர். நம் மண்ணில் படித்தவர் சொன்னால் கசக்கிறது, வெள்ளைக்காரன் அகராதி மட்டும் இனிக்கிறதா?

காட்பாடிக்காரன்:
உலகு தமிழா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. 'ஸ்ட்' எங்கே என்று கேட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். சமஸ்கிருத லோகத்துக்கு லத்தீனில் சொந்தக்காரன் உண்டு, அது 'லூகஸ்'. தோப்பு என்று பொருள், வெளிச்சத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. லூகஸ் வேறு, லோகஸ் வேறு.

பாலாற்று மணல்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். லொகேட்டுக்கு என்ன பொருள் என்று முதலில் பேசலாமே? 'கண்டுபிடி' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஓரிடத்தில் குடியேறுவதைக் குறித்தது. அப்புறம் அமெரிக்காவில் புது நிலத்தை அளந்து எல்லை குறிப்பதற்கும் அதே சொல். 1828இல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பது அதற்கெல்லாம் பிறகு ஏறிய பொருள். லொகேட்டுக்கு மூலமான லத்தீன் 'லோகாரே' ரோமர்களிடம் ஓரிடத்தில் வைப்பதையும் குறித்தது, வாடகைக்கு விடுவதையும் குறித்தது.

காட்பாடிக்காரன்:
பொருளைப் பிறகு பார்க்கலாம். முதலில் 'ஸ்ட்'.

பட்டாளத்து மாமா:
தம்பிகளா, பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த எங்கள் கம்மவான்பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த 'லெப்டினன்ட்' கூட இந்தக் குடும்பம்தான். லோகஸ் பிரெஞ்சில் 'லியூ' ஆனது. மேலதிகாரியின் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட்.

முள்ளுக்கத்தரி:
நன்றி மாமா. லெப்டினன்ட் என்று சொல்லும்போது முன்னால் 'ஸ்ட்' இருக்கிறதா? இல்லையே! காட்பாடியார் இதற்கு என்ன சொல்கிறார்?

காட்பாடிக்காரன்:
தேய்ந்த பிறகு பிரெஞ்சுக்குப் போன சொல்லில் 'ஸ்ட்' எப்படி இருக்கும்? போன முறை ஆற்காடு பெயர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். கேட்டது ஒன்று, சொன்னது வேறு.

முள்ளுக்கத்தரி:
ஆற்காட்டை இழுத்தது நீங்கள். ஆறு காடு சேர்ந்து ஆற்காடு என்று அன்றைக்கு அடம்பிடித்தீர்கள். ஆர் என்றால் ஆத்தி மரம், சோழர் சூடிய பூ. அழிசி என்ற தலைவனின் ஆர்க்காடு சங்கப் பாட்டிலேயே வருகிறது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு ஊர்ப் பெயரே தெரியவில்லை.

மக்கன்பேடா:
வட ஆற்காடா? அது எங்கே இருக்கிறது? 1989இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 1996இல் வேலூர் மாவட்டம் என்று பெயரை மாற்றினார்கள், 2019இல் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தோடு போய்விட்டது. வேலூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரை வைத்துச் சண்டை போடுவதை இனிமேலாவது நிறுத்துங்கள்.

பட்டாளத்து மாமா:
நான் பட்டாளத்தில் சேரும்போது வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

மக்கன்பேடா:
உங்கள் சேவைக்கு மரியாதை உண்டு மாமா. ஆனால் ஆற்காடு எங்களுடையது.

பாலாற்று மணல்:
லொகேட் பற்றிப் பேச யாராவது இருக்கிறீர்களா?

காட்பாடிக்காரன்:
நான் இருக்கிறேன். 'ஸ்ட்' எங்கே போனது என்று அவர் சொல்லும்வரை இருப்பேன். நீதிமன்ற வழக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஸ்ட்லிஸ்' கூட இப்படித்தான் 'லிஸ்' ஆனது. ஒன்றுக்கு இரண்டு சாட்சி கொடுத்துவிட்டேன். அவர் பக்கம் ஓசையைத் தவிர என்ன இருக்கிறது?

முள்ளுக்கத்தரி:
தொல்காப்பியம் இருக்கிறது. முதலில் ஆத்திக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் 'ஸ்ட்'டைப் பார்க்கலாம்.