மரைக்கொம்பில் பேனா கடையும்போது வெடிக்கிறது, என்ன பிழை விடுகிறேன்?

நல்லூர்த்தம்பி:
வணக்கம். வன்னியில் அம்மப்பாவின் வீட்டுச் சுவரில் தொங்கிய மரைக்கொம்பு (மரை என்ற பெரிய மானின் கொம்பு) ஒன்று இப்போது எங்களிடம் கிடக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒரு கிளை முறிந்துவிட்டது, அதை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த முறிந்த துண்டில் அவருக்கே ஒரு பேனா கடைந்து கொடுக்க ஆசை. வேப்ப மரத்திலும் முதிரை மரத்திலும் பத்துப் பன்னிரண்டு பேனா செய்திருக்கிறேன், பிரச்சினை வந்ததில்லை. கொம்பில் 7 மி.மீ. ட்ரில்லை விட்டேன், பாதி தூரம் சுகமாகப் போனது, பிறகு புகை, பல் வைத்தியரிடம் பல்லை ராவும்போது வருமே அந்த மணம், அடுத்த நிமிடம் நீளவாக்கில் வெடித்துவிட்டது. உள்ளே பார்த்தால் பாண் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. இன்னும் இரண்டு துண்டுதான் மிச்சம். பழுதாக்கப் பயமாக இருக்கிறது.

ஸ்கார்பரோ கடைச்சல்:
தம்பி, நாங்கள் மாட்டுக்கு இருப்பதையும் மானுக்கு இருப்பதையும் கொம்பு என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு பொருள். மாட்டுக் கொம்பு நகம் மாதிரி. மான், மரைக் கொம்பு முழுக்க எலும்பு, விழுந்து திரும்ப முளைப்பது, வெளியே கெட்டி, நடுவில் நீங்கள் கண்ட அந்தப் பாண். ட்ரில் அந்த மெதுவான இடத்துக்குள் இழுபட்டு ஒரு பக்கம் சாயும், தூள் அடைபடும், சூடு ஏறும், வெடிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

துளைக்க முதல் இரண்டு முனையிலும் மெல்லிய சுப்பர் குளூவை ஊற்றிக் குடிக்க விடுங்கள், ஒரு இரவு வையுங்கள். புது ட்ரில் வேண்டும். லேத்தை (கடைசல் இயந்திரத்தை) ஆகக் குறைந்த வேகத்தில் விட்டு, அரை அங்குலம் போனதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிற்பாட்டி ஆற விடுங்கள். நான் ஒரு துண்டுக்கு அரை மணித்தியாலம் எடுப்பேன், அவசரப்பட்ட ஒவ்வொரு முறையும் துண்டு போயிருக்கிறது. துளைக்குள் போகும் பித்தளைக் குழாயை ஒட்ட எபொக்சிப் பசை பாவியுங்கள், அது ஓட்டைகளை நிரப்பும். ஒட்ட முதல் குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், கொம்பு மெல்லிசாக வரும்போது பித்தளையின் மஞ்சள் வெளியே தெரியும்.

அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. துணியைக் கட்டிக்கொண்டு நிற்காமல் நல்ல மாஸ்க் போடுங்கள், வீட்டுக்குள் கடைய வேண்டாம்.

பனைவைரம்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் கொக்குவிலில் மரவேலை செய்கிறேன், இங்கே இருக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மானும் மரையும் இலங்கையின் 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பரம்பரைச் சொத்து என்றாலும் கொம்பில் கை வைக்க முதல் வனசீவராசிகள் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ நினைக்கவே வேண்டாம். இதைப் பார்த்துவிட்டு யாரும் கொம்பு தேடிக் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கை பழக வேண்டுமென்றால் பழைய வீட்டுப் பனஞ்சிலாகை (கூரைக்குப் போடும் பனைமரச் சட்டம்) ஒரு துண்டு எடுங்கள். அதுவும் கொம்பின் குணம்தான், வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே மெதுவான சோத்தி, கறுப்பு நார் உளியில் பிடுங்குப்படும். அதையும் சுப்பர் குளூ குடிக்க வைத்து, உளியை அடிக்கடி தீட்டி, மெல்ல மெல்லச் சீவ வேண்டும். அதில் நாலு பேனா ஒழுங்காக வந்தால் கொம்பைத் தொடலாம். பினிஷ் பண்ணினால் கறுப்பும் தவிட்டு நிறமும் வரி வரியாக வரும், எனக்கு எந்தக் கொம்பை விடவும் அதுதான் வடிவு.

நல்லூர்த்தம்பி:
இருவருக்கும் மிக்க நன்றி. திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் மிச்சம். அதுவரை சிலாகையில் பழகுகிறேன், நேற்று முதலாவது பேனா முடிந்தது. நுனிக்குக் கிட்ட நார் பிடுங்குப்பட்டு அரிசி அளவில் ஒரு பள்ளம் வந்துவிட்டது. கொம்பிலும் இப்படி வந்தால் எதை வைத்து அடைப்பது?

ஸ்கார்பரோ கடைச்சல்:
அதன் தூளையே வைத்து. கடையும்போது விழுகிற தூளில் கொஞ்சம் எடுத்துப் பள்ளத்துக்குள் அழுத்தி, மேலே ஒரு துளி சுப்பர் குளூ. காய்ந்ததும் 400 நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கி மேலே, இன்னும் நைசான நம்பர்களுக்குப் போய், கடைசியில் தண்ணீர் தொட்டுப் பிடியுங்கள். பனைக்குத் தண்ணீர் வேண்டாம், நார் எழும்பும்.