புதுப்பிப்பு: பழைய எஸ்பிஎக்ஸ்90-இன் இரைச்சல்

மலிவாகக் கிடைத்த யமஹா எஸ்பிஎக்ஸ்90-இல் (ஒலிக்கு முழக்கம் போன்ற எஃபெக்ட் சேர்க்கும் பெட்டி) ஒரே 'உஸ்ஸ்' சத்தம் என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு என்னுடையதுதான். பின்பக்க இன்புட் ஸ்விட்ச், வலுவான சிக்னலுக்கான +4 டெசிபலில் இருந்தது. மெல்லிய சிக்னல் தரும் என் பழைய கீபோர்டுக்கு −20 டெசிபல்தான் சரி. தள்ளியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மிச்சம் இருப்பது இருக்கட்டும். எண்பதுகளின் நடுவில் வந்த பெட்டி. 16 பிட்தான், ஆனால் சாம்பிளிங் (ஒலியை அளந்தெடுக்கும் வேகம்) 31.25 கிலோஹெர்ட்ஸ், எஃபெக்டில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சு ஒலி ஒன்றும் வராது. அதனால்தான் ரிவெர்பின் (அறை முழக்கத்தின்) வால் மங்கலாக, குரலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. கணினி ப்ளக்இன்னில் இதற்கு, உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஹால் என்ற ரிவெர்ப் பரவாயில்லை ரகம். சிம்பொனிக் என்ற கோரஸ் வகை எஃபெக்ட்தான் விஷயமே! ஒல்லியான ஸ்ட்ரிங்ஸ் ஒலி அகன்று, மெல்ல அசைகிறது. நேற்று இரவு கீபோர்டில் ஒரே கார்டை (சுரக்கூட்டை) அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். கிதாரை இன்னும் மாட்டவில்லை.