பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்குமா? மூன்றாம் வகுப்புக்கு வானத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வெண்ணாற்றங்கரை டீச்சர்:

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். எட்டுக் கோள்களின் பெயரையும் பிள்ளைகள் பாட்டாகவே சொல்லிவிடுகிறார்கள், ஆனால் நேற்று ராத்திரி நிலா எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. போன மாசியில் பிறை வரையச் சொன்னேன். ஒரு பெண் ஆற்றில் மிதக்கிற தோணி மாதிரி மல்லாத்தி வரைந்திருந்தாள். புத்தகத்தைக் காட்டி நிமிர்த்தி வரையச் சொன்னேன், "நான் பாத்தது இப்படித்தான் டீச்சர்" என்று அழிக்க மறுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேற்கே பார்த்தால், அவள் வரைந்த மாதிரியேதான் கிடக்கிறது! ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டுவிடும், தொலைநோக்கி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய இயற்பியல் வாத்தியார்:

டீச்சர், அந்தப் பெண் வரைந்ததுதான் சரி. நிலாவின் வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகைதான் வடக்கே, அதனால் இங்கே சூரியன் அடிவானத்தில் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். மூன்றாம் பிறையன்று சூரியன் நிலாவுக்கு அடியில் போய்விடுவதால் வெளிச்சமும் அடிப்பக்கம்தான் விழும். தை முதல் பங்குனி வரை நன்றாக மல்லாந்திருக்கும், ஆவணி புரட்டாசியில் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். லண்டன் மாதிரி வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் சூரியன் சரிந்து இறங்குகிறது, பிறையும் நிமிர்ந்து நிற்கிறது. புத்தகங்களில் சுற்றி வருவது அந்தப் படம்.

நாலு மணி ஒரு தடையே இல்லை. பௌர்ணமி கழிந்து ஏழெட்டு நாளானால் காலை பிரேயர் நேரத்தில் மேற்கு வானத்தில் அரைநிலா நிற்கும். ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் குத்திக் கொடுத்து, வெயிலில் நின்று கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எவ்வளவு வெளிச்சமோ, எந்தப் பக்கமோ, அப்படியே பழத்திலும் இருக்கும். பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று பெரியவர்களே தப்பாகச் சொல்கிறார்கள். அது சந்திர கிரகணத்தன்று மட்டும் நடப்பது. எலுமிச்சம்பழத்தைப் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வரவே வராது.

குறுவை:

நான் குச்சியிலிருந்து தொடங்குவேன். ஒரு மீட்டர் கழி ஒன்றைக் களத்தில் நேராக நட்டு, மதியம் பன்னிரண்டே கால் வாக்கில் நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு இல்லை, கால் மணி தள்ளித்தான். ஜூனில் பள்ளி திறந்ததும் செய்தால் நிழல் தெற்கே 22 சென்டிமீட்டர் விழும், டிசம்பர் கடைசியில் வடக்கே 68. மதிய நிழல் எப்போதும் வடக்கேதான் என்று நானே படித்திருக்கிறேன், தஞ்சாவூருக்கு அது பொருந்தாது. நடுவில் ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருவதால் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்டில் மேகம் மறைத்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் பாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, எக்ஸ்ரே பிலிம் வைத்தும் கூடாது. நிழல் போதும்.

வேதாரண்யத்துக்காரன்:

ராத்திரி வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள், தாத்தா பாட்டியோடு செய்யட்டும். வடக்கே கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். மலையில்லாத வயல்வெளி நமக்கு, தோப்பு மறைக்காத வரப்பில் நின்றால் கிடைக்கும், பெரிய பிரகாசமாக இருக்காது. அப்புறம் மாதப் பெயர்கள். கார்த்திகை தீபத்தன்று முழுநிலா நிற்பது கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில், சித்ரா பௌர்ணமியில் சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில். நிலா வெளிச்சத்தில் கார்த்திகை மங்கிவிடும், நாலைந்து நாள் கழித்து நிலா எழுவதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். ஆறு தெரிகிறதா, ஏழா என்று பெரிய சண்டையே நடக்கும்.

குடந்தை அக்கா:

தம்பி சொன்னது நல்ல வழி, ஆனால் நட்சத்திரம் என்றதும் பிள்ளைகள் ராசிபலனுக்குப் போய்விடுவார்கள். அது வேறு, நாம் பார்ப்பது வேறு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மகாமகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 2016 பிப்ரவரி 22-இல் நடந்தது, அடுத்தது 2028. வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 வருடம் ஆகிறது, அதனால்தான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிம்மத்துக்குத் திரும்பி வருகிறது. இதைச் சொன்னபோது என் மகள் தன் வயதையே வியாழன் கணக்கில் எண்ண ஆரம்பித்துவிட்டாள். முடிந்தால் திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கும் ஒரு நாள் கூட்டிப்போங்கள்.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கு அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது தப்பு என்று வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். வியாழன் எவ்வளவு தூரம் என்று கேட்பார்களே, கோடிக் கணக்கில் சொன்னால் ஏறாது.

குறுவை:

பூமி ஒரு கடுகு என்று வையுங்கள், இரண்டு மில்லிமீட்டர். நிலா ஒரு ரவை, கடுகிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி. சூரியனுக்கு 22 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பறங்கிக்காய், அதைப் பள்ளி வாசலில் வைத்தால் கடுகு 23 அல்லது 24 மீட்டரில் வரும். வியாழன் நெல்லிக்காய், 120 மீட்டர் போக வேண்டும், வாய்க்கால் தாண்டி யார் வரப்பிலாவது வைக்கும்படி ஆகும். நெப்டியூன் 700 மீட்டர், அடுத்த தெருவுக்கே போய்விடும். கடுகு இருக்கும் இடத்தில் ஒவ்வொருத்தராக உட்காரவைத்துப் பறங்கிக்காயைப் பார்க்கச் சொல்லுங்கள், நம் வானத்தில் சூரியன் இருக்கிற அதே அளவில் தெரியும். காற்றில்லாத நாளாகப் பாருங்கள், ரவை பறந்துவிடும்.