ஸ்லிப் கலக்கினா இளகுது, நிறுத்தினா இறுகுது – தண்ணி கூட்டலாமா?

கேள்வி:
விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை. சைனா கிளே, பால் கிளே (ball clay), ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் தண்ணியில கலந்த ஸ்லிப்பை (மண் குழம்பை) பிளாஸ்டர் அச்சில் ஊத்துறோம். மிக்சர் ஓடும்போது நல்லா ஓடுது. நிறுத்திக் கொஞ்ச நேரத்துல வாளியைச் சாய்ச்சாலும் அசையலை; கம்பு விட்டுக் கிண்டினா திரும்ப இளகுது. அச்சைக் கவிழ்த்தா மிச்சம் வழியாம பொம்மைக் கழுத்துல அடைச்சிக்குது. குழம்பை இளக்கப் போடுற சோடியம் சிலிகேட் வழக்கமான அளவுதான். கோடைக்கு போர் தண்ணிக்கு மாறியிருக்கோம்.

பதில்:
தண்ணி வேண்டாம் தம்பி. அச்சு சீக்கிரம் ஊறிடும், பொம்மை கூடுதலா சுருங்கி வெடிக்கும். முதல்ல 1 லிட்டர் ஸ்லிப்பை எடை போடுங்க. 1,750–1,800 கிராம் இருந்தா தண்ணி சரி. சிக்கல் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதுல.

சைனா கிளே துகள் தட்டையான தகடு. முகத்தில் எதிர்மின்சுமை, விளிம்பில் நேர்மின்சுமை வரலாம். அப்ப விளிம்பு போய் முகத்துல ஒட்டி, சீட்டுக்கட்டு வீடா எழும்பி, தண்ணியை உள்ளே பிடிச்சு வைக்கும். கலக்குற வேகத்துல அது உடையுது, ஸ்லிப் இளகுது. நிறுத்தினா மறுபடி ஒட்டிக்குது.

கேட்டவர்:
எடை 1,780 இருக்குண்ணே. அப்ப சிலிகேட்டைக் கூட்டட்டுமா? ஓரம் சீவுன கழிவையும் கரைச்சுச் சேர்க்கிறோம்.

பதில்:
எனக்கு அந்தக் கழிவு மேலயும் போர் தண்ணி மேலயும்தான் சந்தேகம். கடினத் தண்ணியில கால்சியம் இருக்கும். கழிவோட வர்ற பிளாஸ்டர் துணுக்கோ கால்சியம் சல்பேட்டேதான். கால்சியம் துகள்களுக்கு நடுவுல இருக்கிற விலக்கு விசையைக் குறைச்சிடும். நீங்க போடுற சிலிகேட் அதைக் கட்டுறதுலயே தீர்ந்துபோகும். ஆர்.ஓ. தண்ணியில, கழிவு சேர்க்காம, சின்ன வாளியில அதே கலவையைப் போட்டுப் பாருங்க. இளகி நின்னா காரணம் அதான்.

இன்னொரு பதில்:
சிலிகேட்டைக் கண்ணை மூடிட்டு ஊத்தாதீங்க. காய்ஞ்ச மண் எடையில 0.2–0.5 சதவீதம்தான் வழக்கம். தாண்டினா உப்புச்செறிவு ஏறி ஸ்லிப் திரும்பவும் கெட்டியாகும், அச்சும் அரிக்கும். துளித்துளியா விட்டு, ஒவ்வொரு தடவையும் நல்லா கலக்கிப் பாருங்க. அந்த இறுக்கத்தை முழுசாவும் எடுத்துடாதீங்க. கொஞ்சம் இருந்தாத்தான் குவார்ட்ஸ் அடியில படியாது, அச்சுல பிடிக்கிற சுவரும் நொறுங்காது. சல்பேட்டைக் கட்டிப்போட பேரியம் கார்பனேட் பொடி போடுறவங்க உண்டு. ஆனா அது விஷம், எலி மருந்தாவும் பயன்பட்டது. கையுறை, முகமூடி இல்லாம தொடவே தொடாதீங்க. பிளாஸ்டர் பட்ட கழிவைத் தனித் தொட்டியில ஒதுக்கினா அந்தப் பொடியே தேவைப்படாது.