ஆகாயத்தாமரையில் எரிவாயு: அந்த 95 பங்கு தண்ணீரை என்ன செய்வது?

ஓடக்கோல்:
ஆகாயத்தாமரை மண்டிய ஏரி ஒவ்வொன்றும் ஓர் எரிபொருள் கிடங்கு என்று நேற்று கலன்காரன் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தச் செடியில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர். 1000 கிலோ அள்ளினால் 950 கிலோ தண்ணீரைத்தான் சுமக்கிறீர்கள். அதை அடுப்பேற்றி ஆவியாக்க 2000 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். மிஞ்சும் 50 கிலோ சருகை எரித்தால் அதில் பாதிகூடத் தேறாது. இதுவா கிடங்கு?

கலன்காரன்:
காயவைத்து எரிக்கச் சொன்னது யார்? நான் சொன்னது காற்றுப் புகாத கலனில் நொதிக்கவைக்கும் முறை. சாணத்திலேயே 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதன் மேலும் சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றித்தான் கரைக்கிறோம். நுண்ணுயிருக்கு ஈரம் வேண்டும் ஐயா. வருகிற வாயுவில் பாதிக்கு மேல் எரியக்கூடிய மீத்தேன். உங்கள் 95 எனக்குக் குறையே இல்லை.

ஓடக்கோல்:
சாணம் தொழுவத்தில் கிடக்கிறது, செடி ஏரி நடுவில் மிதக்கிறது. கரைத்த சாணத்தில் திடப்பொருள் 10 பங்கு என்றால் செடியில் 5. அப்படியானால் கலன் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். படகுக்கும் வண்டிக்கும் டீசல் யார் கொடுப்பார்? எப்படிச் சுற்றினாலும் 95-இல்தான் வந்து நிற்பீர்கள்.

நாணல்:
முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். ஊதாப் பூவும் வீங்கிய காம்பும் உள்ளது வெங்காயத்தாமரை. முட்டைக்கோசு போல இலை விரித்து மிதப்பதுதான் ஆகாயத்தாமரை. இரண்டும் வேறு குடும்பம். செடியே எதுவென்று தெரியாமல் இரண்டு பேரும் கணக்குப் போடுகிறீர்கள்.

கலன்காரன்:
வழக்கில் இரண்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அமேசானிலிருந்து வந்த ஊதாப் பூச் செடியைத்தான் பேசுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நாணல்:
எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லித்தான் போன மாதம் பாசி இழையையும் குழப்பினீர்கள்.

ஓடக்கோல்:
பெயர் எதுவானால் என்ன, தண்ணீர் 95. அதற்குப் பதில் வரட்டும்.

கலன்காரன்:
பதில் சொல்லியாயிற்று. சொந்தக் கலனில் போட்டுப் பார்த்தவன் நான். முழுச் செடியாகப் போட்டபோது நான்காம் நாளே மேலே மிதந்து பாய் போலத் தடித்துக் குழாயை அடைத்துக்கொண்டது. காம்பைப் பிளந்து பார்த்தால் பஞ்சு, உள்ளே முழுக்கக் காற்று. அப்புறம் இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, நசுக்கி, சாணக் கரைசலோடு கலந்தேன். வாயு வந்தது, அடுப்பும் எரிந்தது. நீங்கள் ஒரு செடியையாவது கையால் நறுக்கியிருக்கிறீர்களா?

ஓடக்கோல்:
பரிசல் தள்ளிக் கை காய்த்தவன் நான். அந்தச் செடி துடுப்பில் சுற்றினால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். உங்கள் ஓர் அடுப்புக்காக ஏரியையே எழுதிக் கொடுக்க முடியாது. செடியை நம்பி ஆலை வந்தால், செடி ஒழிய ஆலைக்காரன் விடுவானா? இரண்டு வாரத்தில் இரட்டிக்கக்கூடிய செடி, சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் விதை. வளர்த்துத்தான் விடுவான்.

மீன்கொத்தி:
ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990-களில் இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டை விட்டுத்தான் அதை அடக்கினார்கள். அதைப் பேசுங்கள்.

கலன்காரன்:
வண்டு மட்டுமா? 1997-98இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி வானிலையைப் புரட்டிப்போடும் நிகழ்வு, கொண்டுவந்த மழையும் அலையும் சேர்ந்துதான் செடியை அடக்கின என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னால் செடி திரும்பவும் வந்ததே.

மீன்கொத்தி:
கழிவுநீர் வருகிற வரை எல்லாம் திரும்பத்தான் வரும். அந்தச் செடி ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். வாயு எடுத்த பிறகு கழிவுக் கரைசலை எந்த வயலில் கொட்டுவீர்கள்?

நாணல்:
எந்தச் செடி உறிஞ்சும்? வெங்காயத்தாமரை என்று எழுதுங்கள்.

கலன்காரன்:
ஆலைக் கழிவு கலக்கிற ஏரியை நான் சொல்லவே இல்லை. சொல்லாததற்கு எல்லாம் பதில் கேட்கிறீர்கள்.

ஓடக்கோல்:
சொன்னதற்கே பதில் வரவில்லையே. 1000 கிலோவில் 950 கிலோ தண்ணீர். கரைக்கு யார் சுமப்பது?